நிறைந்திருந்த கடை

எங்கள் பெரிய மாமா திண்டுக்கல் நகரில் நடத்திவந்த மளிகைக் கடைக்குள் 'இல்லை' என்னும் சொல்லை எவரும் உரைக்கலாகாது. அரிசியோ மஞ்சளோ தீர்ந்தால் வீட்டுப் பெண்கள் 'நிறைந்திருக்கிறது' என்பார்களே, அம்மங்கல வழக்கை அவர் கடைச் சரக்கு முழுமைக்கும் விரித்துவிட்டார். தீர்ந்துபோன பெருங்காயமும் நிறைந்திருந்தது. உண்மையாகவே குவிந்து கிடந்த உப்பும் நிறைந்திருந்தது. நாளடைவில் எது எந்த நிறைவு என்பதை மாமாவே அறியார். சரக்கறைக்குள் தாமே நுழைந்து பார்ப்பது, பல்லாண்டு உடனிருக்கும் ஆள்களை ஐயுறுவதாகும் என்று கருதிய நல்லுள்ளம் அவருடையது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கோடை விடுமுறையில் ஒருநாள் முற்பகல், சித்தையன்கோட்டை உழவர் ஒருவர் தம் மகளின் திருமணச் சாமான் பட்டியலோடு வந்தார். வாடிக்கையாளர் குறைந்துவந்த கடைக்கு அப்பட்டியலே அவ்வாண்டின் பெருந்துணை என்று அத்தை அம்மாவிடம் சொல்லக் கேட்டிருந்தேன். மாமா அவருக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்து அமர்த்திவிட்டு, மூத்த கடையாளைப் பார்த்து, "தொவரம் பருப்பு ரெண்டு மூட்டை இருக்காப்பா?" என்றார்.

"நெறஞ்சிருக்கு மொதலாளி."

சரக்கறையில் சாக்குகளுக்கிடையே விளையாடிக்கொண்டிருந்த நான், உதவும் ஆர்வத்தில் ஓடிவந்து கூவினேன்: "பருப்பு மூட்டையே இல்ல மாமா! வெறுஞ்சாக்குதான் மடிச்சுக் கெடக்கு!"

மாமா என் காதைத் திருகினார். "கடைக்குள்ள அந்தச் சொல்லச் சொல்லலாமாடி?"

உழவர் எழுந்து பட்டியலை மடித்து மடியில் செருகினார். "பிள்ளைய வையாதீக. பந்தியில எல போட்டப்பறம், சாம்பாரு நெறஞ்சிருக்குன்னு சம்பந்தகாரங்ககிட்ட நான் சொல்ல முடியுமா? வாரேன்."

கலர் புட்டியில் பாதி மிஞ்சியிருந்தது.

நண்பகலில் ஆள்கள் உணவுக்குச் சென்றபின் மாமா என்னை அருகழைத்தார். முகத்தில் சினமில்லை. தெருவை ஒருமுறை நோக்கிவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"தாயி, நீதான உள்ள பாத்த. வேற என்னென்ன இல்ல?"

மல்லி இல்லை; கடுகு இல்லை; வெல்லம் வைக்கும் பானையில் எறும்புகள்கூட இல்லை. எல்லாம் எனக்குத் தெரியும். ஆயினும் காது இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"எல்லாம் நெறஞ்சிருக்கு மாமா."

மாமா கற்கண்டுத் துண்டொன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பாடத்தில் தேறிவிட்டேன் என்று மகிழ்ந்தேன்.

அடுத்த பொங்கலுக்கு அக்கடை திறக்கவில்லை. அன்று அவர் என்னிடம் கேட்டது எத்தகைய உதவி என்பதை நான் உணர நெடுங்காலம் ஆயிற்று. அன்று மாலையோ, வீட்டுக்கு ஓடி அம்மாவிடம் கோள்தான் சொன்னேன்: மாமாவே கடைக்குள் 'இல்ல' என்று சொல்லிவிட்டார் என்று.