செங்கா பெட்ரியின் கோபம்

ஸ்காட்லாந்தில் எங்கள் டண்டீ நகரத்து பஸ் டிப்போவில் செங்கா பெட்ரி என்று சொன்னால் எல்லோரும் முதலில் அவள் வாயைப் பற்றித்தான் பேசுவார்கள். பல வருஷம் அவளோடு வண்டி ஓட்டியவன் நான். அந்த வாய் சும்மா வந்ததில்லை.

அவளுக்கு ரோனி என்று ஒரு தம்பி. பதினைந்து வயதில் யாருடைய காரையோ எடுத்துக்கொண்டு போய் விளக்குக் கம்பத்தில் மோதினான். யாருக்கும் காயமில்லை. ஆனாலும் பையன்களை அடைக்கிற சிறையில் போட்டார்கள். உள்ளே என்ன நடந்தது என்று கடைசிவரை அவன் வாயைத் திறக்கவில்லை. வெளியே வந்த பிறகு, பின்னால் யாராவது நடந்து வந்தாலே சுவரோடு ஒட்டி நின்றுவிடுவான். முப்பதைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தான்.

"திருத்தி அனுப்புறோம்னு கூட்டிட்டுப் போனாங்க, உடைச்சு அனுப்பிட்டாங்க" என்பாள் செங்கா. அழுது நான் பார்த்ததில்லை. பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்வாள்.

வழக்கில் மாட்டிய பிள்ளைகளைப் பூட்டிவைக்காமல், ஊருக்குள்ளேயே ஒரு வீட்டில் தங்கவைத்துப் பள்ளிக்கு அனுப்பிப் பார்த்துக்கொள்ளும் திட்டம் ஒன்று எங்கள் ஊருக்கு வந்தது. வீடு தர முதலில் போய் நின்றவள் செங்கா. அவளிடம் வந்தது மார்வென் என்கிற பெண். ஒரு கடைக்காரரைப் பாட்டிலால் அடித்தவள். அதற்குள் எத்தனையோ வீடு மாறியிருந்தாள்.

கீழ்வீட்டில் ஹெக்டர் டால்கெட்டி, தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். கட்டடத்தில் குடியிருக்கிறவர்களை எல்லாம் கூட்டிவைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"இது குடும்பங்க இருக்கற எடம் செங்கா. ஜெயில் இல்ல."

"ஜெயில் இல்லைன்னுதான் இங்க கூட்டிட்டு வந்தேன்."

"நாளைக்கு என் தலையில பாட்டில் விழுந்தா?"

"உங்க தலைக்கு என்ன ஆகப்போகுது? பாட்டில்தான் பாவம்."

எல்லோரும் சிரித்தார்கள். ஹெக்டர் சிரிக்கவில்லை. மறுவாரம், பள்ளியிலிருந்து படியேறி வந்த மார்வெனைப் பார்த்து, "உன்னை மாதிரி ஆளுங்களுக்குக் கூண்டுதான் சரி" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். அவள் விட்ட உதையில் கதவுக் கண்ணாடி நொறுங்கிப்போனது.

செங்கா வேலை முடிந்து வந்தபோது மார்வென் பையை எடுத்து வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தாள்.

"அனுப்பிடுவீங்கல்ல? எல்லாரும் அதான செஞ்சாங்க."

"அனுப்புறதா? அப்புறம் கண்ணாடிய யார்டி பெருக்குறது, உங்க தாத்தாவா? எடு வெளக்குமாற!"

மார்வென் பெருக்கினாள். ஹெக்டர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"அந்த மூலையில கெடக்கு."

"தெரியுது." மூலையைக் கூட்டிவிட்டு, குனிந்தபடியே, "கூண்டுன்னு சொன்னீங்க" என்றாள்.

"சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. நீயும் உதைச்சிருக்கக் கூடாது."

ஆனால் போலீஸுக்கு ஏற்கெனவே தகவல் போயிருந்தது. பிள்ளைகள் விசாரணையில் ஊர்க்காரர்கள் மூன்று பேர் உட்கார்ந்து முடிவு சொல்வார்கள். அவர்கள் முன்னால் ஓர் அதிகாரி, ஆபத்து கூடிவிட்டது, பிள்ளைகளைப் பூட்டிவைக்கும் விடுதிக்குப் பெண்ணை மாற்ற வேண்டும் என்றார். ஒரு தடவைகூட அவர் மார்வென் பக்கம் திரும்பவில்லை. செங்கா எழுந்துவிட்டாள்.

"ஒரு கண்ணாடி உடைஞ்சதுக்கு ஒரு புள்ளையப் பூட்டுவீங்களா? என் தம்பியப் பூட்டினீங்களே, யாருக்கு என்ன நல்லது நடந்துச்சு? அந்த விளக்குக் கம்பம் மறுவாரமே சரியாயிடுச்சு. அவன் சரியாகவே இல்ல!"

பாதிக்கப்பட்டவர் என்று ஹெக்டரையும் கூப்பிட்டிருந்தார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டார். "எனக்கு இந்தப் பொண்ணப் பிடிக்கல. இப்பவும் பிடிக்கல. ஆனா கண்ணாடிய அவதான் பெருக்கினா. அன்னைக்கே கொண்டுபோய் பூட்டியிருந்தா நான்தான குனிஞ்சு பெருக்கியிருக்கணும், இந்த முட்டியோட?"

மார்வென் செங்கா வீட்டிலேயே இருக்கட்டும் என்று முடிவானது. இப்போது ஒரு ரொட்டிக்கடையில் வேலை பார்க்கிறாள். கடையில் யாரிடமாவது கத்திவிட்டுத் திட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட நாளும் உண்டு. ஆனால் வேலையை விடவில்லை.

இதோடு கதை முடிந்திருந்தால் எனக்கும் சொல்ல சுகமாக இருக்கும். அந்த விசாரணைக்கு அடுத்த வசந்தத்தில் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். பணமில்லையாம். அதே மாதம் அந்தப் பூட்டிவைக்கும் விடுதிக்குப் புதிதாக ஒரு கட்டடம் கட்ட அனுமதி கிடைத்தது. செங்கா வீட்டுக்கு அடுத்து வர இருந்த காலன் என்ற பையனை நேரே அங்கே கொண்டுபோனார்கள். 'ஊருக்குள் இடம் கிடைக்கவில்லை' என்று காரணம் சொன்னார்கள்.

செங்கா டிரைவர் சட்டையைக்கூட மாற்றாமல் நகர மன்றக் கூட்டத்துக்குள் போய் நின்றாள்.

"உங்க உணர்வு புரியுதுங்க மிஸஸ் பெட்ரி" என்றார் ஓர் உறுப்பினர், இதமாக.

"உணர்வாவது மண்ணாவது! கட்டில்யா, கட்டில்! என் வீட்டுல விரிச்சு வெச்சிருக்கேன், புதுப் போர்வை போட்டு. இடமில்லைன்னு எழுதினவன் ஒரு தடவ வந்து படி ஏறிப் பாத்தானா? அந்தப் பையன் பேராவது இங்க யாருக்காச்சும் தெரியுமா?"

ஒருவருக்கும் தெரியவில்லை. காவலாளிகள் அவள் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் அந்த விடுதி வாசலில் போய் நின்றாள். பையனுக்கு நீங்கள் யார் என்று கேட்டார்கள். உறவுக்காரரைத்தான் உள்ளே விடுவோம் என்றார்கள். சாயங்காலம் வரை மழையில் நின்று சண்டை போட்டாள். கடைசியில் யாரோ மேலே பேசி அவளை உள்ளே விட்டார்கள்.

"என்ன பேசினீங்க?" என்று மறுநாள் டிப்போவில் கேட்டேன்.

"என்னத்தப் பேசறது? அவனுக்கு என்னை யாருன்னே தெரியல. அடுத்த வாரமும் வருவேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்." வண்டிச் சாவியைப் பிடுங்காத குறையாக என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனாள்.