பொறுக்கினேன் என்று சொன்னவள்

ஒரு பெண்ணின் மணிக்கட்டை மிதித்து உடைத்தவன் நான். அவள் வழுக்கி விழுந்தாள் என்றே இன்றுவரை எல்லோரும் சொல்கிறார்கள். அதை முதலில் சொன்னவனும் நானே!

தமிழ்க் கடைகள் நிறைந்த ‘ரூ காய்’ என்ற பிரெஞ்சுத் தெருவில், ஒரு மளிகைக்கடையில் காய்கறிப் பகுதி என் பொறுப்பு. கழித்த காய்களை மத்தியானம் பெட்டியில் போட்டு வெளியே வைப்பேன். அவற்றில் நல்லதைத் தேடி எடுக்க எலெரி வருவாள். வேல்ஸ் நாட்டுக்காரி, அறுபது வயதிருக்கும், பக்கத்து மார்க்ஸ் டோர்மோய் பகுதியில் தனியறை.

இருவருக்கும் அரைகுறைப் பிரெஞ்சு. தான் செய்யும் இந்த வேலைக்குத் தன் மொழியில் ஒரு வினை உண்டென்று ஒருநாள் சொன்னாள்: ‘ஹ்லொஃபா’. அறுவடை முடிந்த வயலில் சிந்திய கதிரைப் பொறுக்குவது. ‘பொறுக்கப் போகிறேன்’ என்னும்போது முதல் ஒலி மெலிந்து ‘லொஃபா’ ஆகுமாம். ‘பொறுக்கினேன்’ என்றால் ‘ஹ்லொஃபைஸ்’.

பதிலுக்கு நான் பொறுக்குகிறேன், பொறுக்கினேன், பொறுக்குவேன் என்று சொல்லிக்கொடுத்தேன். அதே வினையில் ஒரு வசைச்சொல்லும் பிறப்பதை மட்டும் மறைத்துவிட்டேன்... அவளுக்காக நல்ல கத்தரிக்காய்களையும் பெட்டிக்குள் போடத் தொடங்கினேன்.

முதலாளி கண்டுபிடித்துவிட்டார்.

“நல்ல சாமானையும் வெளியிலை போடுறியோ? உன்ரை வதிவிடக் கார்ட் புதுப்பிக்க என்ரை கடிதம் வேணுமெல்லோ?”

“ஐயோ, நான் இல்லை அண்ணை! அவள்தான் உள்ளை வந்து களவெடுக்கிறாள்!”

எவ்வளவு எளிதாக வந்தது அந்தப் பொய்! அதை மெய்யாக்க வெளியே ஓடினேன். அவள் கிளறிக்கொண்டிருந்த பெட்டியைப் பிடித்திழுத்தேன். அவள் விடவில்லை.

“பொறுக்கி!” என்று கத்தினேன்.

அவள் சிரித்தாள். நான் பாடம் கேட்பதாக நினைத்துவிட்டாள்!

“பொறுக்கினேன்,” என்று திருத்தினாள்.

தெருவே சிரித்தது. என் தலைக்குள் ஏதோ வெடித்தது... பெட்டியால் அவள் நெஞ்சில் மோதினேன். நடைபாதைக் கல்லில் விழுந்தாள், வாயில் இரத்தம். கையில் ஒரு கத்தரிக்காய் இன்னும் இருந்தது. அந்தக் கையை மிதித்தேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. கேட்டபின்னும் காலை எடுக்கவில்லை! கேட்கிறீர்களா? எடுக்கவில்லை!

ஆம்புலன்ஸ்காரரிடம் வழுக்கி விழுந்தாள் என்றேன். தெருவில் ஒருவரும் மறுக்கவில்லை. எலெரி என்னையே பார்த்தாள்; ஒன்றும் சொல்லவில்லை. பயமா? இரக்கமா? எது அதிகக் கொடுமை... நீங்களே சொல்லுங்கள்!

முதலாளி கடிதம் தந்தார். கார்ட் வந்தது. எலெரி அதன்பின் வரவில்லை. நான் தேடிப் போகவுமில்லை.

இப்போது கழிக்கும் காய்கள்மேல் ஜாவெல் ஊற்றச் சொல்லியிருக்கிறார் முதலாளி. கிருமிகொல்லிதான், ஆனால் தொண்டையை எரிக்கும். நான்தான் ஊற்றுகிறேன். நேற்று ஒருவர் பெட்டியருகே குனிந்தார். நெடி தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு ‘அப்பாடா’ என்றிருந்தது.