நோகேல்லை

ஆஸ்பத்திரியின் தீக்காய வாட்டு விறாந்தையில் இரண்டு உள்ளங்கைகளிலும் கட்டோடு உட்கார்ந்திருந்தேன். உள்ளே என் மனைவி மெற்றில்டா. கொச்சிக்கடையில் எங்கள் குசினியில் மண்ணெண்ணெய் அடுப்பு தீப்பிடித்து, அவளுடைய நைலோன் சட்டை நெஞ்சோடு ஒட்டிவிட்டது. நான் வெறுங்கையால்தான் அணைத்தேன்.

அவளுடைய தங்கை ஜெசி ஓடி வந்தாள். "அத்தான், அக்காவுக்கு நோகேல்லையாம். அந்தோனியார் கைவிடேல்லை." கட்டுப்போட்ட கையால் சிலுவை போட்டுக்கொண்டேன்.

இப்போது அப்படியொரு விறாந்தையில் இருந்து இதை வாசிக்கிறீர்கள் என்றால், ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தீக்காயத்தில் நோகாத இடத்துக்குத்தான் பயப்பட வேண்டும்.

அங்கே தாதியை எல்லோரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். சிங்களப் பெண். மொழிபெயர்க்க என்னை உள்ளே அழைத்தார். முதலில் மூச்சைக் கவனித்தார். பிறகு குழாயில் சிறுநீர் வடியும் பையைப் பார்த்தார் (சிறுநீர் குறைந்தால் ஏற்றுகிற சேலைன் போதவில்லை). பிறகு ஈரத் துணியால் தோளோரத்திலிருந்து நெஞ்சின் நடுவுக்கு மெல்லத் தொட்டுக்கொண்டே வந்தார்.

"ரிதெனவாத?" என்று அவர் கேட்க, "நோகுதோ?" என்று நான் கேட்பேன். எல்லா இடத்துக்கும் ஒரே பதில்தான். நோகேல்லை.

மிஸ் என்னைப் பார்த்தார். உண்மையாகவே நோகவில்லையா, எங்களுக்குக் கரைச்சல் தரக்கூடாதென்று சொல்லுகிறாவா என்று சிங்களத்தில் கேட்டார். முழுத்தடிப்புக் காயம் (தோலின் எல்லா அடுக்கும் நரம்பு முனைகளும் வெந்துபோன காயம்) என்றால் நோவே தெரியாதாம்.

மெற்றில்டா, பல்லுப் பிடுங்கிய டாக்குத்தரிடமே "நோகேல்லை, நீங்கள்தான் களைச்சுப் போனியள்" என்று சொன்னவள். அவள் பொய் சொல்லியிருக்க வேண்டுமென்று வாழ்நாளில் அன்றுதான் வேண்டிக்கொண்டேன்.

காதோடு குனிந்தேன். "மெற்றி, நொந்தால் நல்லதாம். உண்மையைச் சொல்லும்."

கொஞ்சம் யோசித்தாள். "தோளோரம் நோகுதுதான். சொன்னால் இந்த மிஸ் பிள்ளை பயந்துபோகும்."

எனக்கு உயிர் வந்தது. மிஸ் துணியை நடுவுக்குக் கொண்டுபோய் அழுத்தினார். மெற்றில்டா முகட்டைப் பார்த்தபடி கிடந்தாள். பிறகு கேட்டாள்: "இஞ்சருங்கோ, மிஸ் இப்ப என்னில கை வைச்சிருக்கிறாவோ?"

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. என்ன சொன்னா என்று மிஸ்ஸும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு கட்டு மாற்றும் போதெல்லாம், துணி படுமுன்னமே "நோகுது, நல்லா நோகுது" என்பாள். நான் ஆசைப்படுகிறேன் என்று அவளுக்குத் தெரியும். அதனால் உங்களிடம் கேட்கிறேன்: நோயாளியிடம் எந்தப் பதிலுக்கும் ஆசைப்படாதீர்கள். நோ மருந்தின் அளவும் அந்தப் பதிலை வைத்துத்தான்.

காய்ச்சல் ஏறியது. செப்சிஸ் (காயத்தில் புகுந்த கிருமி உடம்பு முழுவதையும் தாக்குவது) என்றார் டாக்குத்தர். மெற்றில்டா பேச்சை நிறுத்தினாள். பிறகு மூச்சையும்.

என் கைகள் ஆறிவிட்டன. புதுத்தோல் மெல்லியது. வெயில் ஏறினால் இழுக்கும், பின்னேரக் கடற்காற்றில் அரிக்கும். பொழுது போவது எனக்கு அதில்தான் தெரிகிறது. ஜெசி தேத்தண்ணீர்க் கோப்பையைத் தந்து, "அத்தான், கை நோகுதோ?" என்பாள். ஓம் என்பேன்.

அவள் தேற்ற நினைத்து தீப்படாத என் தோளில் கை வைப்பதுண்டாம். அவள் சொல்லித்தான் தெரியும்.