நடுக்கம் எனக்கு, தூக்கம் அவருக்கு

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என் கை நடுங்கியது. தட்டில் இருந்த காபி டம்ளர்கள் டபராக்களோடு மோதிக் கடகடவென்று சத்தம் போட்டன. மாப்பிள்ளையின் அம்மா முகம் மலர்ந்துபோய், "பாவம், ரொம்பக் கூச்ச சுபாவம் போல" என்றார். என் அம்மா அதை மறுக்கவில்லை.

எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை. எண்பதுகளின் நடுவில் அது. கிண்டியில் ஒரு ஆபீசில் கிளார்க்காக இருந்தேன். தினமும் காலையில் பல்லாவரம் ஸ்டேஷனில் இரண்டு பக்கமும் முழங்கையால் இடித்துக்கொண்டு ட்ரெயின் ஏறுகிறவள். கை நடுங்கியதற்குக் காரணம், அவர்கள் வருவதற்குச் சற்று முன்னால் நான் போட்டுக்கொண்ட மாத்திரை.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு உண்டு. ஒட்டடை அடித்தால் வரும், மழை வந்தால் வரும், கல்லுடைக்கிற மலைப் பக்கத்திலிருந்து காற்றடித்தால் வரும். அதற்கு எங்கள் டாக்டர் சால்பியூட்டமால் என்ற சின்ன வெள்ளை மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். போட்டுக்கொண்டால் கொஞ்ச நேரத்தில் நெஞ்சு தளர்ந்து மூச்சு சீராகும். கூடவே விரல்கள் நடுங்கும், நெஞ்சு படபடக்கும். மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று அம்மா முந்தின நாள் முழுக்க வீட்டை ஒட்டடை அடித்திருந்தார். காலையில் என் நெஞ்சு விசில் அடிக்க ஆரம்பித்துவிட்டது. "எதுக்கும் ரெண்டா போட்டுக்கோ" என்றார் அம்மா.

மாப்பிள்ளை ஒரு கம்பெனியில் வரைபடம் போடுகிற டிராஃப்ட்ஸ்மேன். நாற்காலியில் சாய்ந்து, பாதிக் கண்ணை மூடியபடி உட்கார்ந்திருந்தார். எதைக் கேட்டாலும் சற்று யோசித்துத்தான் பதில் சொன்னார். பெண்ணிடம் தனியாக ஏதாவது பேச வேண்டுமா என்று என் அப்பா கேட்டபோது, வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுக் கொட்டாவியை வாய்க்குள்ளேயே மடக்கிக்கொண்டார்.

அவர்கள் போனதும் அப்பா சொன்னார்: "என்ன நிதானம் பாரு. இந்தக் காலத்துல இவ்வளவு அமைதியா ஒரு பையன் கிடைக்கிறது கஷ்டம்."

இப்படியாக என் கூச்சம் அவர்களுக்கும், அவருடைய அமைதி எங்களுக்கும் பிடித்துப்போய்க் கல்யாணம் நடந்தது.

சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்தில் அவர்கள் வீடு. கிளம்பும்போது அம்மா ஒரு புத்திமதிதான் சொன்னார். "அங்க போய் இளைப்புன்னு வாயைத் திறக்காதே. சளின்னு சொல்லு." அம்மாவின் பயத்தில் நியாயம் இருந்தது. அந்தப் பக்கத்தில் காசநோய் ஆஸ்பத்திரியின் பெயரிலேயே ஒரு ரயில்வே ஸ்டேஷன் உண்டு, தாம்பரம் சானடோரியம். யாராவது ஒரு வாரம் சேர்ந்தாற்போல் இருமினால், அவர் எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும் என்பதை அக்கம்பக்கத்தார் முடிவு செய்துவிடுவார்கள். எனக்கு இருப்பது அது இல்லை, ஆஸ்துமா என்று விளக்குவதற்குள் செய்தி குரோம்பேட்டையைத் தாண்டியிருக்கும்.

மாத்திரைகளைப் பீரோவில் பட்டுப்புடவை மடிப்பில் வைத்துக்கொண்டேன். ஐப்பசி, கார்த்திகை மழையைச் சளி என்று சொல்லியே கடத்தினேன். தை வரப்போகிறது என்று எல்லோரும் சந்தோஷமாக இருந்தபோது, அதற்கு முந்தின நாள் போகி என்பது மட்டும்தான் என் கவலையாக இருந்தது.

போகி அன்று விடிந்தும் விடியாத நேரத்தில் தெரு முழுக்கப் புகை. பிள்ளைகள் சின்ன மேளத்தை விடாமல் தட்டிக்கொண்டிருந்தார்கள். பழைய பாய், துடைப்பம், முறம் எல்லாம் எரிந்தால்கூடச் சமாளித்துவிடலாம். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு லாரி டயரையே உருட்டி வந்து கொளுத்தியிருந்தார். ஏரிக்கரை நிலமெல்லாம் ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்துடையது, அதனால் தெருவில் அவரை யாரும் தட்டிக் கேட்பதில்லை. என் கணவர் மூக்கைக் கர்சீப்பால் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

"அண்ணா, டயர் வேணாமே. புகை வீட்டுக்குள்ள வருது."

"இன்னா சார் நீ? போகிக்கு டயர் கொளுத்தாம வேற எப்ப கொளுத்துறது? வருசத்துக்கு ஒரு நாளு. ஜன்னல சாத்திக்க சார்."

ஜன்னலைச் சாத்தினோம். அதற்குள் உள்ளே வரவேண்டிய புகை வந்துவிட்டது. என் நெஞ்சுக்குள் யாரோ கயிற்றை இறுக்குவது போல இருந்தது. மூச்சை உள்ளே இழுக்கலாம், வெளியே விடத்தான் முடியாது. ஆஸ்துமா இல்லாதவர்களுக்கு இது புரிவதில்லை. மெல்ல நழுவிப் படுக்கையறைக்குப் போய்ப் பீரோவைத் திறந்தேன். புடவை மடிப்புக்குள் கை விட்டபோது கணவர் உள்ளே வந்தார். வந்தவர் என்னைக் கவனிக்காமல் தன் சட்டை அடுக்கின் அடியில் கை விட்டு ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"அது என்ன மாத்திரை?" என்றார்.

"தலைவலிக்கு" என்றேன். அதைச் சொல்வதற்கு எனக்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது.

"எனக்கும் தலைவலிதான்" என்று சொல்லிவிட்டு, நிறுத்தாமல் தும்மினார். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது.

ஒரே செம்புத் தண்ணீரில் ஆளுக்கொரு மாத்திரையை விழுங்கிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் எனக்கு இளைப்பு இறங்கியது. கை நடுங்கத் தொடங்கியது. அவருக்குத் தும்மல் நின்றது. கண் சொருகத் தொடங்கியது. அவர் என் விரல்களைப் பார்த்தார்.

"பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கும்..."

"ஆமா. அன்னிக்கு ரெண்டு மாத்திரை. நீங்க?"

"வர்ற வழியில பஸ்ஸுல ஒரே தூசி. பொண்ணு வீட்டுல போய்த் தும்மினா அபசகுனம்னு அம்மா ஒண்ணு போட்டுக்கச் சொன்னாங்க" என்றார். அதைச் சொல்லி முடித்த உடனே தூங்கிவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இருமல் வரும் என்பதால் சிரிக்கவில்லை. அந்த நேரத்தில்தான் மாமியார் கதவைத் திறந்தார். பண்டிகைக் காலையில் மகன் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான், மருமகள் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கட்டிலில் இரண்டு மாத்திரை அட்டைகள் கிடந்தன. மாமியார் இரண்டையும் எடுத்துப் பார்த்தார். ஒன்று அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். மற்றதைக் காட்டி, "இது எதுக்கு?" என்று கேட்டார். நடுங்குகிற கையை வைத்துக்கொண்டு பொய் சொல்ல வரவில்லை. சொல்லிவிட்டேன்.

பொங்கல் முடிந்ததும் என் அம்மாவை வரவழைத்தார்கள். சிட்லபாக்கம் வீட்டுக் கூடத்தில் விசாரணை நடந்தது.

"பொண்ணுக்கு இளைப்புன்னு ஒரு வார்த்தை சொல்லலியே நீங்க" என்றார் மாமியார்.

"உங்க பிள்ளை தும்முறதை நீங்க சொன்னீங்களா?"

"தும்மல் ஒரு வியாதியாங்க? உலகத்துல யார்தான் தும்மல?"

"உலகத்துல யாருக்குத்தான் மூச்சு வாங்கல?"

என் கணவர் அன்று மாத்திரை போட்டிருக்கவில்லை. "டாக்டர்கிட்ட போய்க் கேட்டுடலாம்" என்று அவர் சொன்னது இரண்டு அம்மாக்களுக்கும் நிம்மதியாக இருந்தது.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு நெஞ்சு டாக்டர் இருந்தார். நாங்கள் இருவரும் போவதாக ஏற்பாடு. மாமியாரும் கிளம்பிவிட்டார். உள்ளே போனதும் நோயாளியின் நாற்காலியில் அவரே உட்கார்ந்துகொண்டு, "இவங்க ரெண்டு பேருல யாருக்கு வியாதி?" என்று கேட்டார்.

டாக்டர் என் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். என் கணவரின் மூக்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். "ரெண்டு பேருக்கும் ஒரே வியாதிதாம்மா. இவங்களுக்குக் கீழ, இவருக்கு மேல" என்றார்.

பிறகு ஒரு காகிதத்தில் குழாய் வரைந்து காட்டினார். நுரையீரலுக்குள் காற்று போகும் குழாயைச் சுற்றித் தசை இருக்கிறது. தூசியோ புகையோ பட்டால் அந்தத் தசை இறுக்கிப் பிடிக்கிறது. நான் போடும் மாத்திரை அதைத் தளர்த்துகிறது. ஆனால் அது வயிற்றில் கரைந்து, ரத்தத்தில் கலந்து, உடம்பு முழுக்கச் சுற்றிவிட்டுத்தான் நெஞ்சுக்கு வருகிறது. போகிற வழியில் கைத் தசையையும் இதயத்தையும் தட்டிவிட்டுப் போகிறது. நடுக்கமும் படபடப்பும் அதனால் வருவது.

என் கணவருடைய கதை வேறு. அவர் மூக்கில் தூசி பட்டதும் அங்கே இருக்கிற சில செல்கள் ஹிஸ்டமின் என்ற பொருளைக் கொட்டுகின்றன. அது போய் உட்காருவதற்கென்று இடங்கள் இருக்கின்றன. உட்கார்ந்தால் அரிப்பு, தும்மல், தண்ணீர்.

"மாத்திரை போய் அந்த இடத்துல முன்னாடியே உட்காந்துக்குது" என்றார் டாக்டர்.

"ட்ரெயின்ல கர்சீப் போட்டு சீட் பிடிக்கிற மாதிரியா?" என்றார் என் கணவர்.

"அதேதான். ஆனா இந்தப் பழைய மாத்திரை மூளைக்குள்ளயும் போய் கர்சீப் போட்டுடுது. மூளையில ஹிஸ்டமின் வேலையே நம்மள முழிச்சிருக்க வைக்கிறதுதான். அதுக்கு உட்கார இடமில்லைன்னா தூக்கம் வராம என்ன செய்யும்?"

என் கணவர் தாம்பரத்தில் ட்ரெயினை விட்டு இறங்காமல் தூங்கிக் கூடுவாஞ்சேரி வரை போய்த் திரும்பிய நாட்கள் உண்டு. அவருடைய ஆபீஸ் அலுப்பு என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

டாக்டர் எனக்கு வாயில் வைத்து மூச்சோடு இழுக்கிற இரண்டு பம்ப் எழுதிக் கொடுத்தார். நீல நிறத்தது, இளைப்பு வந்தால் அடித்துக்கொள்ள. அதே சால்பியூட்டமால்தான், கொஞ்சமாக, நேராக நெஞ்சுக்குப் போகும். மண் நிறத்தது ஸ்டீராய்டு. இறுக்கம் மட்டுமல்ல, குழாயின் உள்பக்கம் எப்போதும் வீங்கியே இருக்கிறது, அதைத்தான் இது ஆற்றுகிறது என்றார். "அவசரத்துக்கு இது உதவாது. இளைப்பு இருந்தாலும் இல்லாட்டியும் தினமும் ரெண்டு வேளை அடிக்கணும். ஒண்ணும் நடக்காத மாதிரிதான் இருக்கும். விட்டுடாதீங்க."

"பம்ப் பழக்கமாயிடும்னு சொல்றாங்களே" என்றார் மாமியார்.

"உங்களுக்குக் கண்ணாடி பழக்கமாயிடலையா?"

மாமியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

நீல பம்பை எல்லோருக்கும் உடனே பிடித்துவிட்டது. அடித்தால் சில நிமிஷத்தில் மூச்சு வரும், கை நடுக்கமும் பெயருக்குத்தான். மண் நிறத்தது மேல்தான் யாருக்கும் மரியாதை இல்லை. வாரக்கணக்கில் அடித்தும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை மார்க்கெட்டில் காய்கறி வாங்கிக்கொண்டு, தாம்பரம் ஸ்டேஷனின் நீளமான நடைமேம்பாலத்தில் ஏறி, கிழக்குப் பக்கம் இறங்கினேன். இறங்கிப் பாதித் தெரு நடந்த பிறகுதான் நடுவில் எங்கேயும் நிற்கவில்லை என்பது உறைத்தது. அதுவரை நான் எந்தப் படியையும் ஒரே மூச்சில் ஏறியதில்லை. பாதியில் நின்று, ரயில்களை வேடிக்கை பார்ப்பது போல நடிப்பேன். அன்று கையில் இரண்டு பை, அதில் ஒரு முழுப் பூசணிக்காய்.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னேன். அவர் பூசணிக்காயைக் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு, "அப்ப சரியாயிடுச்சு. பம்பை நிறுத்திடலாம்" என்றார்.

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. நிறுத்தினேன். சில வாரங்கள் நன்றாகவே போயின. ஆடிக் காற்றில் எல்லாம் திரும்ப வந்தது. டாக்டர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. "எல்லாரும் ஒரு தடவை நிறுத்திப் பார்ப்பாங்க. நீங்க பார்த்தாச்சு" என்று சொல்லிவிட்டு அதையே திரும்ப எழுதிக் கொடுத்தார்.

தொண்ணூறுகளில் அதிகம் தூக்கம் வராத மாத்திரை வந்தது. மூளைக்குள் அவ்வளவாகப் போகாத சாதி அது. என் கணவர் அதற்கு மாறினார். மாறிய பிறகுதான் அவர் நிறையப் பேசுபவர் என்பது எனக்குத் தெரிந்தது. தூசி கிளம்புகிற மாதங்களில் முன்பெல்லாம் சாப்பிட்டதும் படுத்துவிடுவார். இப்போது சாப்பிட்டதும் பேச ஆரம்பித்தார். கட்சி அரசியல், கிரிக்கெட், ஆபீசில் யார் எந்தக் கோட்டைத் தப்பாகப் போட்டார்கள் என்பது வரை. என் அப்பா ஒரு தடவை வந்து இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகும்போது, "மாப்பிள்ளைக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா?" என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்.

மண் நிற பம்ப் அடித்த பிறகு வாயை நன்றாகக் கொப்பளிக்க வேண்டும், இல்லாவிட்டால் வாய்ப்புண் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் தினமும் காலையில் வாஷ்பேசினில் எனக்குத்தான் முதலிடம். மாமியார் தோளில் துண்டோடு பின்னால் நிற்பார்.

"அடிச்சாச்சா?" என்பார்.

"ஆச்சு அத்தை."

"கொப்பளிச்சியா?"

"ஆச்சு."

"அப்ப நகரு."