இரவல் நகையோடு கட்டணம் கேட்கப் போனோம்

இந்த நாட்டில் ஒருவரிடம் சம்பளம் கேட்கக் கூடாதாம். வந்த புதிதில், ரெஸ்ரோறன்ட்டில் என்னோடு கோப்பை கழுவும் பிரெஞ்சுக்காரனிடம் கேட்டுவிட்டேன். மனுசன் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. ஆனால் என் மனைவி ராஜினி தாதி உதவியாளர் படிப்புக்குச் சேரப்போன கன்னியாஸ்திரிகளின் கல்லூரியில், அலுவலக மடாம் கேட்ட முதல் கேள்வியே என் சம்பளம்தான். வரும்படியையும் வீட்டு ஆட்களையும் பார்த்துத்தான் அங்கே கட்டணம் போடுவார்களாம்.

அது தெரியாமல் நாங்கள் போன கோலத்தைச் சொல்ல வேண்டும். ஊரில் அனுமதி கேட்டுப் போகிறவர்கள் வசதியானவர்களாகத் தெரிய வேண்டும்; இல்லாவிட்டால் உட்காரக் கதிரைகூடக் கிடைக்காது. எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட எனக்குப் பள்ளிக்கூட வாசலைக் கண்டாலே பயம். அந்தப் பயத்தில் பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் முழுக்க அலைந்து மச்சாளின் காப்பு, அட்டியல், சிநேகிதனின் கோட்டு எல்லாம் இரவல் வாங்கினேன். ராஜினி கல்யாணப் பெண்போல் வந்திருந்தாள்.

மடாம் என் சம்பளச் சீட்டைப் பார்த்தார். காப்புகளைப் பார்த்தார். மறுபடியும் சீட்டைப் பார்த்தார். முழுக் கட்டணம் என்றால் படிப்பு அவ்வளவுதான்.

"இரவல் எண்டு சொல்லட்டே?" என்றாள் ராஜினி.

"உமக்கென்ன விசரே? மானம் போயிடும்."

"மானத்தை நீங்கள் வைச்சிருங்கோ. எனக்குப் படிப்பு வேணும்."

சொல்லியேவிட்டாள், தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், காப்புகளை ஒவ்வொன்றாக மேசையில் கழற்றி வைத்தபடி. மடாம் கண்ணீர் வரச் சிரித்தார். "இந்த அறைக்கு வருகிறவர்கள் வீட்டிலுள்ள பழைய கோட்டைத் தேடிப் போட்டுக்கொண்டு வருவார்கள். நகை இரவல் வாங்கி வந்தவர்கள் நீங்கள்தான்!"

பிறகு, குடும்பத்தில் எத்தனை பேர் என்றார். அம்மா, அப்பா, தங்கச்சிமார், ராஜினியின் தம்பி என்று நான் விரல் மடக்கினேன். "இங்கே, மிசியே, இங்கே," என்று தரையைக் காட்டினார். இங்கே இரண்டே பேர். அப்படியே எழுதினார். ஆனாலும் ஊருக்குப் பணம் அனுப்புவதை விசாரித்து, கீழே ஒரு வரி சேர்த்தார். ஆகக் குறைந்த கட்டணமே வந்தது. மெத்ரோ ரயிலில் ராஜினி வழிநெடுகச் சிரித்தாள்; எனக்குத்தான் காப்பு தொலைந்துவிடுமோ என்ற கவலை.

இப்போது அவள் வீட்டில் பாடம் பழகுவதற்கு நான்தான் நோயாளி. கட்டிலில் படுக்கவைத்து, எங்கே வலிக்கிறது என்று பிரெஞ்சில் கேட்கிறாள். பிரெஞ்சிலேயே பதில் சொல்ல வேண்டுமாம். வாயைத் திறந்தால் "ஐயோ, இஞ்சை" என்றுதான் வருகிறது.