பொட்டு வைத்த கையெழுத்து

அந்தத் தாளில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளும் குங்குமமும்தான் அப்பியிருந்தன. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நான் கிருஷ்ணகிரியில் வக்கீல் குமாஸ்தா. எதிர்த்தரப்பு தாக்கல் செய்த அந்தத் தாளைப் பார்த்ததும், சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு வாயெல்லாம் பல்.

எங்கள் கட்சிக்காரர் உத்தனப்பள்ளிப் பண்ணைக்காரர். எதிர்க்கட்சி, அவர் வயலிலேயே கூலி வேலை செய்த ஓர் அம்மாள். ஆடு மாடு விற்று, முழு விலையும் கொடுத்து, அவரிடம் இரண்டு ஏக்கர் மேட்டு நிலம் வாங்கியிருந்தார். இன்று தொழிற்சாலைகள் வந்து அடிக்கணக்கில் விலை பேசும் பக்கம் அது, அன்று சீந்துவாரில்லை. பண்ணைக்காரர் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டு நிலத்தையும் ஒப்படைத்தார். கிரயப் பத்திரத்தை மட்டும் அறுப்பு முடியட்டும், ஆடி போகட்டும் என்று இழுத்தடித்தார். அந்த அம்மாள் கல் பொறுக்கி, கிணறு வெட்டி, ராகி விளைய ஆரம்பித்த பிறகு, பதிவாகாத காகிதம் செல்லாது, காலி செய் என்று பண்ணைக்காரர் வழக்குப் போட்டார்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. விற்றவர் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருந்து, வாங்கியவர் தன் பங்கை நிறைவேற்றி நிலத்தில் இருந்தால், பதிவு இல்லை என்பதற்காக அவரை வெளியேற்ற முடியாது. ஆகவே எல்லாம் அந்தக் கையெழுத்தை நம்பித்தான் இருந்தது. அந்த அம்மாளோ யுகாதிக்கு யுகாதி காகிதத்தைச் சாமி முன் வைத்து, சரியாக அந்த இடத்திலேயே பொட்டு வைத்திருக்கிறார். ஏனம்மா இப்படிச் செய்தாய் என்று வழக்கை விசாரித்த முனிசீப் கேட்டார்.

"அந்தக் கையெழுத்துத்தானுங்களே எனக்கு நெலம் குடுத்துச்சு. அதுக்குத்தான் பொட்டு வெச்சனுங்க."

பண்ணைக்காரர், அதில் தான் கையெழுத்தே போடவில்லை என்று கூசாமல் சொன்னார். முனிசீப் தாளைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். எதையும் அழுத்தி எழுதுவது பண்ணைக்காரரின் பழக்கம். மை பின்பக்கம் வரை ஊறி, தெலுங்கில் அவர் பெயர், கடைசிச் சுழி உட்பட, இடம் வலமாக மாறித் தெரிந்தது. வழக்குப் போட நாங்கள் தாக்கல் செய்த பிராதிலும் அதே சுழிதான் இருந்தது. அதில் அவரிடம் கையெழுத்து வாங்கியவனே நான்தான்.

வழக்கு தள்ளுபடியானது. தீர்ப்பு நகல் கிடைத்த அன்று அந்த அம்மாள் கோர்ட்டு வாசலில் என்னைத் தேடி வந்து, படித்துச் சொல்லச் சொன்னார். வரி வரியாகப் படித்தேன். இனி பண்ணைக்காரர் அவரை அசைக்க முடியாது என்றேன். ஆனால் இதனால் நிலம் அவர் பெயருக்கு மாறிவிடவில்லை என்பதையும் மறைக்கவில்லை.

"பேரு மெல்ல வரட்டுங்க. ராகி எங்கூட்டுக்கு வருமில்லீங்க?"

வரும் என்றேன். அதோடு விட மனம் கேட்கவில்லை. நான் எதிர்க்கட்சி ஆள், உங்கள் வக்கீல் படித்துச் சொல்லவில்லையா என்று கேட்டேன்.

"சொன்னாருங்க. செயிச்சவங்க சந்தோசத்துல ரெண்டு கூடச் சொல்லுவாங்க. தோத்தவங்க வாயால கேட்டாத்தானுங்க நம்பி வெதைக்கலாம்."