பச்சையாய் அச்சான கேட்டை

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அச்சகத்தில் காகிதக் குப்பை கூட்ட வந்தவன். இன்று நான்கு வண்ண மிஷின் ஓடும் அச்சகம் என்னுடையது. எவன் கையையும் பிடித்து ஏறவில்லை. இதைச் சொல்லாமல் நான் எதையும் ஆரம்பிப்பதில்லை. ஆனால் இப்போது சொல்ல வந்தது என் மனைவியின் தங்கையைப் பற்றி.

வீட்டில் அவளுக்குப் பெயர் கண்ணாடி. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறாள். "சிவப்புல எழுத்து தெளிவா இருக்கா, பச்சையிலயா?" என்று நாள் முழுக்கக் கேட்பாள். ஆள் வராத நேரத்தில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து கதை எழுதுவாள். எல்லாமே விண்வெளிக் கதை. அதில் ஒரே ஒரு பிடிவாதம்: நட்சத்திரம் மட்டும் நிஜமாக இருக்க வேண்டும்.

"நடக்கிறது பூரா புளுகு அத்தான். நிக்கிற இடமாவது உண்மையா இருக்க வேணாமா?"

அவளுடைய முதல் புத்தகம் கேட்டை நட்சத்திரத்தைச் சுற்றும் ஒரு கிரகத்தில் நடக்கிறது. வானத்தில் சிவப்பாக மினுங்குமே, அதே கேட்டைதான். அதற்கு ஜோடியாகப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு சின்னதாக ஒரு நீல நட்சத்திரம் உண்டாம். அட்டைப் படமும் அப்படியே: நடுவில் பெரிய சிவப்பு உருண்டை, மூலையில் நீலப் பொட்டு. என் அச்சகத்தை விட்டு வேறெங்கே அடிப்பாள்?

நூலகக் கூடத்தில் வெளியீடு ஏற்பாடாகியிருந்தது. அதற்கு முந்தின நாள் காலையில் அட்டையைப் பார்க்க வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கேட்டை கொத்துமல்லிக் கட்டு மாதிரி பச்சைப் பசேல் என்று இருந்தது! நீலப் பொட்டு சிவப்பாகி இருந்தது. மிஷின்காரர் சிவப்புக்கான அச்சுத் தகட்டை நீல மையிலும், நீலத் தகட்டைச் சிவப்பு மையிலும் மாட்டிவிட்டார். உருண்டையின் சிவப்பில் மஞ்சளும் சேரும்; நீலத்தின் மேல் மஞ்சள் விழுந்தால் பச்சைதானே!

"முதல் தாள் வந்தப்பவே கண்ணு தெரியலையாய்யா உனக்கு?" என்று கத்தினேன்.

"தெரிஞ்சுது முதலாளி. வேத்துக் கிரகமாச்சே, அங்க பச்சையாத்தான் இருக்கும்னு நினைச்சேன்."

அத்தனை அட்டையையும் அடித்து முடித்திருந்தார். அந்தத் தாள் மறுபடி வர நாலு நாள் ஆகும்.

"யாரு கவனிக்கப் போறா? விடும்மா," என்றேன்.

"வானத்துல பச்சை நட்சத்திரமே கிடையாது அத்தான்! இந்த அட்டையோட என் புத்தகம் வரவே வேணாம். வெளியீட்டை நிறுத்திடுங்க."

சொன்னால் செய்கிறவள். எத்தனை வருட ஆசை! மிஷின்காரர் மூலையில் நின்று அந்த அட்டையையே முறைத்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "ஏம்மா, இந்தச் சின்னச் சிவப்புப் பொட்டுதான் கேட்டைன்னு வச்சுக்கிட்டா என்ன? தூரத்துல நின்னா எதுவும் சின்னதாத்தானே தெரியும்?" என்றார்.

"சும்மா இருய்யா," என்றேன்.

அவள் சும்மா இருக்கவில்லை. அட்டையைப் பிடுங்கிக் கண்ணருகே கொண்டுபோனாள். திடீரென்று துள்ளினாள் பாருங்கள், காகிதக் கட்டே சரிந்தது!

"அத்தான்! அந்த ஜோடி நட்சத்திரம் இருக்கே, அது நிஜத்துல நீலம்தான். ஆனா சிவப்புப் பக்கத்துல இருக்கிறதால, தொலைநோக்கியில பார்த்த நிறையப் பேரு கண்ணுக்குப் பச்சையாத் தெரிஞ்சிருக்கு. கண்ணு பண்ற வேலை அது! கப்பலைக் கேட்டையோட கிரகத்துல இறக்காம ஜோடியோட கிரகத்துல இறக்கிடுறேன். இது கிட்ட, பெருசு. கேட்டை தூரத்துல, பொட்டு!"

"உள்ளே முக்கால்வாசி அடிச்சாச்சேடி!"

"முதல் பதினாறு பக்கம் அடிச்சாச்சா?"

அடிக்கவில்லை! பதினாறு பக்கம் ஒரு தாள்; முதல் தாளைக் கடைசியில்தான் அடிப்போம். கப்பல் இறங்குவது அந்தப் பதினாறு பக்கத்துக்குள்தான். அதற்குப் பிறகு கதை முழுக்கச் சுரங்கத்துக்குள். அங்கே ஏது வானம்? ஆனால் ஒரு வரி கூடினாலும் அடுத்த பக்கத்தில் போய் இடிக்கும். கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் காகிதக் கட்டின் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். அவள் எழுத, நான் வரியை எண்ண, "ரெண்டு வரி ஓடுது, வெட்டு!" என்று நான் கத்த, "அழகான வரி அத்தான்!" என்று அவள் அழ, வெட்டினோம். சாயங்காலம் மிஷின் ஓடியது. தகட்டை நானே மாட்டினேன். என் கைக்குத் தப்பே வராது.

மறுநாள் கூடம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் ஓர் அம்மாள் அட்டையைத் தூக்கிக் காட்டி, "நட்சத்திரம் பச்சையா இருக்குமாம்மா?" என்று கேட்டார்.

கண்ணாடி வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன்.

"முதல் பக்கத்தைப் பிரிச்சுப் பாருங்க, ஏன் பச்சைன்னு அங்கேயே எழுதியிருக்கு!"

கூடம் முழுக்க ஒரே நேரத்தில் பக்கங்கள் சரசரத்தன. என் வாழ்நாளில் எத்தனையோ அடித்திருக்கிறேன். அந்தச் சத்தத்தை அன்றுதான் கேட்டேன். கடைசி வரிசையில் மிஷின்காரர் பக்கத்தில் இருந்தவரிடம், "நான்தான் சொன்னேன்," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.